கொடுத்தவர் இல்லாத கொடை

சியாட்டிலுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இஸாக்குவா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு நடுவே ஓர் ஓடை. நம்மூர் வாய்க்காலைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை அதில் சால்மன்கள் ஏறி வரும். பசிபிக்கிலிருந்து பியூஜெட் சவுண்ட், அங்கிருந்து பல்லார்ட் மதகை ஒட்டி மீன்களுக்கென்றே கட்டிய படிகள், வாஷிங்டன் ஏரி, சம்மாமிஷ் ஆறு, சம்மாமிஷ் ஏரி, கடைசியில் இந்த ஓடை. பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால், முழங்காலளவுத் தண்ணீரில் கை நீளத்துக்கு மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும். இங்கே இது ஒரு திருவிழா மாதிரி. குழந்தைகளைத் தோளில் தூக்கிவந்து காட்டுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் அம்மா ஆறு மாதம் என்னோடு தங்க வந்திருந்தாள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப்போனேன். அம்மா தாமிரபரணிக் கரைக்காரி. ஆற்றையும் மீனையும் அவளுக்குப் புதிதாகக் காட்ட வேண்டியதில்லை. பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். மீன்களின் முதுகில் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. வால்கள் தேய்ந்து நார் நாராக ஆடின. கரையோரக் கூழாங்கற்களில் இரண்டு செத்துக் கிடந்தன.

“என்னல இது, உசிரோட அழுகிப்போயிருக்கு?”

பக்கத்தில் ஒரு அப்பா தன் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மீன்கள் அவ்வளவு தூரம் நீந்திவந்து, முட்டையிட்டு, தங்கள் குஞ்சுகளுக்காகவும் காட்டுக்காகவும் உயிரையே கொடுக்கின்றன, எவ்வளவு அழகான தியாகம் பார்த்தீர்களா என்று. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துக்கொண்டேன். செத்த மீனின் சத்து மரத்துக்குப் போகிறது, இந்தப் பெரிய பெரிய மரமெல்லாம் ஒருவகையில் மீன்தான், என்றெல்லாம்.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள். “அது சாவுது. அவ்வளவுதான. குடுத்துச்சுன்னு இவங்களா சொல்லிக்கிடுதாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அழகான ஒரு கதையை இப்படிப் போட்டு உடைக்கிறாளே என்று அப்போது நினைத்தேன். அவள் ஊருக்குத் திரும்பிப்போன பிறகும் அந்த வரி என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அதோடு நடத்தும் வாக்குவாதம்தான்.

முதலில் அறிவியலைப் பார்த்துவிடுவோம். அந்தக் கதை நிஜமாகவே அபாரமானது.

வட அமெரிக்கக் கரையில் பசிபிக் சால்மன் ஐந்து வகை. சினூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க். ஐந்துமே வாழ்க்கையில் ஒரே ஒருமுறை முட்டையிட்டுச் செத்துப்போகிறவை. ஓடையின் கூழாங்கல்லுக்குள் பொரிந்து, வகையைப் பொறுத்துச் சில வாரமோ ஒன்றிரண்டு வருடமோ நன்னீரில் இருந்துவிட்டுக் கடலுக்குப் போகின்றன. வளர்வது அங்கேதான். உடல் எடையில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலில் சேர்ந்தது. பிறகு பிறந்த ஓடையின் வாசனையைப் பிடித்துத் திரும்பி வருகின்றன. நன்னீருக்குள் நுழைந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடும். குடலும் வயிறும் சுருங்கும். கடலில் சேர்த்த கொழுப்பையும் பிறகு சொந்தத் தசையையுமே எரித்து மேலே ஏறும். ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறி, நோய் எதிர்ப்பு குலைந்து, உயிரோடிருக்கும்போதே உடல் சிதையத் தொடங்கும். அம்மா பார்த்தது அதைத்தான். முட்டையிட்ட சில நாட்களில் மரணம். 1960களின் தொடக்கத்தில் ஒரு சோதனையின் முடிவு வெளியானது. கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் கொக்கனி என்ற சாக்கை வகை மீன்களின் இனப்பெருக்க உறுப்புகளை நீக்கிப் பார்த்தார்கள். அவற்றில் சில வழக்கமான ஆயுளைத் தாண்டிப் பல வருடம் உயிரோடிருந்தன. சாவு வெளியிலிருந்து வரும் விபத்தாக இல்லாமல், உடலுக்குள்ளேயே எழுதிவைத்த நிரலாக இருக்கிறது.

இனி காடு. அலாஸ்காவிலிருந்து வாஷிங்டன் வரையிலான கடலோர மழைக்காடுகளில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பல இடங்களில் மண்ணில் இல்லாதது நைட்ரஜன். மழை கழுவிக்கொண்டு போய்விடும், குளிரில் மட்கும் வேகமும் குறைவு. அந்தக் காட்டுக்குள் வருடாவருடம் கடலிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீரோட்டத்துக்கு எதிராக, மேட்டை நோக்கி, தன்னைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். ஆறு என்றாலே மலையின் சத்தைக் கடலுக்குக் கொண்டுபோவது. இங்கே எதிர்த்திசையில் ஒரு வண்டி ஓடுகிறது.

ஓடையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோவது பெரும்பாலும் கரடி. வலுவான இன்னொரு கரடி பிடுங்கிவிடுமோ என்ற பயத்தில் மீனைக் கவ்விக்கொண்டு மரங்களுக்குள் போய்விடும். மீன் நிறைய இருக்கும் காலத்தில் அதற்கு வாய்க்கொழுப்பும் வந்துவிடும். மூளை, முட்டை என்று கொழுப்புள்ள பாகத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். அந்த மிச்சத்தில் ஈ முட்டையிடும், காக்கையும் கழுகும் மரநாயும் வரும், புழு மண்ணுக்குள் இறங்கும். அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் பழுப்புக் கரடிகளை ஆராய்ந்தவர்கள், கரடி வழியே காட்டுக்குப் போகும் சால்மன் நைட்ரஜனில் பெரும்பகுதி அதன் மூத்திரத்தில்தான் போகிறது என்று கண்டுபிடித்தார்கள். தியாகம் என்று சொல்லிக்கொடுத்த அந்த அப்பா இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? நைட்ரஜனில் சற்றே எடை கூடிய ஒரு ஐசோடோப் உண்டு, நைட்ரஜன்-15. கடலின் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக அதன் விகிதம் கூடும். ஆகவே சால்மன் உடம்பில் அது அதிகம். காட்டு மரத்தின் இலையில் அந்த விகிதம் தூக்கலாக இருந்தால் கடலின் கைரேகை பதிந்திருக்கிறது என்று அர்த்தம். விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டாம் ரைம்கென் மரத்தின் ஆண்டு வளையங்களில்கூட அதைத் தேடினார். தென்கிழக்கு அலாஸ்காவில் ஹெல்ஃபீல்டும் நைமனும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சால்மன் ஏறும் ஓடைக்கரைத் தாவரங்களின் இலை நைட்ரஜனில் 22 முதல் 24 சதவீதம் சால்மனிலிருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். அந்த மரங்கள் வேகமாக வளர்ந்ததற்கும் மீன்தான் காரணமா என்பதில் விவாதம் கிளம்பியது. சால்மன் ஏறும் கரையில் மண்ணே நல்ல மண்ணாக இருக்கலாம் அல்லவா?

அதற்குப் பதில் வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தென்மேற்கு அலாஸ்காவில் ஹான்சன் ஓடை என்று ஒன்று. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம், தாண்டிவிடலாம் போல அகலம். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கோடைதோறும் அங்கே செத்த சாக்கை மீன்களை எண்ணுவார்கள். எண்ணியதையே மறுநாளும் எண்ணிவிடக் கூடாது. ஆகவே எண்ணியதைக் கரையில் எறிந்துவிட வேண்டும். டாம் க்வின் என்ற பேராசிரியர் ஒரு முடிவெடுத்தார். எறிவதுதான் எறிகிறோம், எப்போதும் ஒரே கரையில் எறிவோம். 1997 தொடங்கி 20 வருடம், மாணவர்கள் மாறி மாறி வந்து, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்களை இடது கரைக்கே எறிந்தார்கள். ஏறக்குறைய 270 டன். பிறகு இரு கரைகளிலும் இருந்த ஸ்ப்ரூஸ் மரங்களைத் துளையிட்டு வளையங்களைப் பார்த்தார்கள். எறிய ஆரம்பிப்பதற்கு முன்பு இடது கரை மரங்கள்தான் மெதுவாக வளர்ந்தவை. மீன் விழத் தொடங்கியபின் அவற்றின் வளர்ச்சி கூடியிருந்தது. 2018-இல் கட்டுரை வெளியானது.

இருபது வருடம் அழுகிய மீனை ஒரே பக்கம் எறிந்தவர்களை நினைத்துக்கொள்வேன். நான் எழுதிய எந்தக் கோடும் ஐந்து வருடத்துக்கு மேல் உயிரோடிருந்ததில்லை. சரி, அது வேறு புலம்பல்.

எங்கள் தொழிலில் சைடு எஃபெக்ட் என்று ஒரு சொல் உண்டு. ஒரு ஃபங்ஷன் தனக்கு இட்ட வேலையைச் செய்யும்போது தனக்கு வெளியே எதையாவது மாற்றிவிட்டுப் போனால் அது சைடு எஃபெக்ட். சால்மனின் பக்கம் நின்று பார்த்தால் காடு முழுவதும் ஒரு சைடு எஃபெக்ட். அது கரடிக்காக வரவில்லை, மரத்துக்காகச் சாகவில்லை. தன் குஞ்சுகளுக்குக் கிடைக்கும் நன்மையைக்கூட அது பார்ப்பதில்லை. செத்த மீனின் சதையையும் சிந்திய முட்டையையும் தின்று கோஹோ குஞ்சுகள் வேகமாக வளர்வது உண்மை. ஆனால் அவை போன வருடம் முட்டையிட்ட யாரோ ஒருவருடைய குஞ்சுகள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையில் வாங்கிய கொடிக்குத் தெரியாது, கொடுத்தவனுக்காவது தெரியும். இங்கே இரண்டு பக்கமும் இருட்டு.

அப்படியென்றால் அம்மா சொன்னதுதான் சரியா? ரோமானியச் சிந்தனையாளர் செனகா அவள் பக்கம் நிற்பார். உதவிகளைப் பற்றியே அவர் ஒரு பெரிய நூல் எழுதியிருக்கிறார். அதில் ஓரிடத்தில் ஆற்றைப் பற்றிப் பேசுகிறார். பெரிய கப்பல்களைச் சுமக்கட்டும், மீன் கொழித்து வயல்களின் நடுவே ஓடட்டும், ஆற்றுக்கு யாரும் நன்றிக்கடன் படுவதில்லை என்கிறார். உதவி என்பது கையில் வந்து சேரும் பொருளில் இல்லை, கொடுத்தவரின் மனதில் இருக்கிறது. மனம் இல்லாத இடத்தில் உதவி இல்லை, உதவி இல்லாத இடத்தில் கடன் இல்லை. கறாரான தர்க்கம். தெரிதா வேறு வழியில் வந்து, கொடை என்று தெரிந்துவிட்டாலே அது கொடையாக இருப்பதில்லை, கணக்காகிவிடுகிறது என்றார். அந்த அளவுகோலில் உலகத்திலேயே தூய்மையான கொடையாளி இந்த மீன்தான். ஆனால் அப்படிச் சொல்வது மீனைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வார்த்தை விளையாட்டு முடிந்த பிறகும் ஓடையில் மீன் செத்துக்கொண்டிருக்கிறது.

அம்மாவுக்கு ஏன் அந்தச் சொல்மேல் அவ்வளவு எரிச்சல் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நான் பத்தாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அம்மா பீடி சுற்றினாள். எங்கள் பக்கம் அது வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை. மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், கத்தரி, நூல். ஆயிரம் பீடி சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. அதிலும் இலை சரியில்லை, பீடி மெலிந்திருக்கிறது என்று கழித்துவிடுவார்கள். நான் இன்ஜினியரிங் முடித்தது அந்தக் காசிலும் அதைக் காட்டி வாங்கிய கடனிலும்தான். அவளுக்கு இன்றைக்கும் இருமல் இருக்கிறது. அமெரிக்கா வந்த முதல் வருடம் அன்னையர் தினத்தன்று அதையெல்லாம் ஃபேஸ்புக்கில் எழுதினேன். ‘தியாகம்’ என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. நிறையப் பேர் கண்ணீர் விட்டார்கள். தங்கை அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அன்று ராத்திரி போனில் அம்மா பேசியது:

“ஒனக்காவ சுத்துனேன்னு யாருல சொன்னா? ஊரே சுத்துச்சு, நானும் சுத்துனேன். வேற வேல என்ன இருந்து? நீ படிச்ச, வேல கெடச்சு. அதுக்கு எதுக்கு என்னயச் சாமியாக்குத?”

அடக்கமாகப் பேசுகிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவள் அடக்கமானவள் இல்லை. அவள் சொன்னது ஒரு தகவல். வேறு வேலை இருந்திருந்தால் பீடி சுற்றியிருக்க மாட்டாள். கூலி ஒழுங்காக வந்திருந்தால் இரவு பன்னிரண்டு வரை சுற்றியிருக்க மாட்டாள். தியாகம் என்ற சொல் அந்தக் கூலியை மறைத்துவிடுகிறது. அவளாக விரும்பிக் கொடுத்தாள் என்று ஆகிவிட்டால் மிச்சமிருப்பது போற்றுவது மட்டும்தான். போற்றுவது சுலபம். நாலு வரி எழுதினால் முடிந்தது. நான் எழுதினேன், முடிந்தது.

அன்று பாலத்தில் அந்த அப்பா பிள்ளைகளுக்குச் சொன்னதும் அதே சொல். ஆகவே அம்மா மீனுக்காகப் பேசவில்லை என்று நினைக்கிறேன். அல்லது மீனுக்காகவும் பேசினாள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தியாகம் என்ற சொல்லைத் தூக்கிப்போட்டுவிட்டு செனகாவிடம் போனால், அவர் என்னை இன்னும் சுலபமாக விட்டுவிடுகிறார். கொடுக்க நினைத்து யாரும் கொடுக்கவில்லை, ஆகவே கடனே இல்லை, வீட்டுக்குப் போ என்கிறார். போற்றினாலும் தப்பித்துவிடுகிறேன், போற்றாவிட்டாலும் தப்பித்துவிடுகிறேன்.

இந்த மண்ணின் பழங்குடிகள் வேறுமாதிரிச் செய்தார்கள். இந்தக் கடற்கரையின் பல இனக்குழுக்களிடம் முதல் சால்மன் சடங்கு இருக்கிறது. பருவத்தின் முதல் மீனை விருந்தாளியைப் போல வரவேற்று, எல்லோருமாகப் பகிர்ந்து உண்டு, எலும்புகளைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவார்கள். சால்மன்கள் கடலுக்கடியில் வாழும் மனிதர்கள், தங்கள் விருப்பத்தால் மீனுருவில் வருகிறார்கள் என்பது பல குழுக்களின் நம்பிக்கை. அதாவது அவர்கள் மீனுக்கு மனம் இருக்கிறது என்கிறார்கள். அம்மாவும் செனகாவும் இல்லை என்கிறார்கள். இன்ஜினியரிங் படித்த எனக்கும் அந்த நம்பிக்கை வராது. ஆனால் அந்த நம்பிக்கையிலிருந்து அவர்கள் வெறும் புகழ்ச்சிக்குப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. விருந்தாளி அடுத்த வருடமும் வர வேண்டுமென்றால் வழியை மறிக்கக் கூடாது, எல்லாவற்றையும் பிடித்துவிடக் கூடாது, எலும்பைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. எல்லாமே கையால் செய்ய வேண்டிய வேலைகள்.

வழியை மறித்த கதைக்கு எல்வா ஆற்றைச் சொல்லலாம். ஒலிம்பிக் தீபகற்பத்தில், சியாட்டிலிலிருந்து படகும் காருமாக ஒரு நாளில் போய்வரலாம். 1913-இல் அங்கே மின்சாரத்துக்காக ஓர் அணை முடிந்தது. அணை கட்டினால் மீனுக்குப் படி கட்ட வேண்டும் என்று வாஷிங்டனில் அப்போதே சட்டம் இருந்தது. கட்டவில்லை. பதிலுக்கு ஒரு மீன்குஞ்சுப் பண்ணை வைத்தால் போதும் என்று ஏற்பாடாயிற்று. அந்தப் பண்ணையும் 1922-இல் மூடப்பட்டது. 1927-இல் மேலே இரண்டாவது அணை, கிளைன்ஸ் கேன்யன். கடலிலிருந்து ஏறக்குறைய எட்டு கிலோமீட்டருக்கு மேல் எந்தச் சால்மனும் போக முடியாமல் ஒரு நூற்றாண்டு போயிற்று. கரையில் வாழ்ந்த கீழ் எல்வா கிளாலம் மக்கள் விடாமல் போராடினார்கள். 2011 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கி 2014-இல் இரண்டு அணைகளும் அகற்றப்பட்டன. நீர் வடிந்தபோது, தாங்கள் படைக்கப்பட்ட இடம் என்று அந்த மக்கள் சொல்லிவந்த பாறை வெளியே தெரிந்தது. அணைக்கு மேலே மீன்கள் ஏறத் தொடங்கிய சீக்கிரத்திலேயே, டிப்பர் என்ற சின்ன ஓடைப் பறவையின் உடலில் கடல் நைட்ரஜன் பதிந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்துவிட்டார்கள். மீன்பிடித் தடைக்குப் பிறகு 2023-இல் அந்த மக்கள் அங்கே முதல்முறையாகக் கொஞ்சம் கோஹோ பிடித்தார்கள்.

சட்டத்திலும் ஒரு கதை உண்டு. 1854-55 ஒப்பந்தங்களில் தங்கள் நிலத்தைக் கொடுத்த பழங்குடிகள், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக பில்லி ஃபிராங்க் ஜூனியர் என்ற நிஸ்குவாலி இனத்தவர் ஐம்பது முறைக்கு மேல் கைதானார். 1974-இல் நீதிபதி போல்ட், பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுக்கு என்று தீர்ப்பளித்தார். அதன் தொடர்ச்சியாக இன்னொரு வழக்கு. சாலைக்கு அடியில் ஓடையைக் குழாய்க்குள் விடுகிறார்களே, அந்தக் குழாய் உயரத்தில் இருந்தால் மீன் ஏற முடியாது. மீனே வர முடியாமல் செய்துவிட்டு மீன் பிடிக்கும் உரிமை இருக்கிறது என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று ஓட்டு சமமாகி, கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நின்றது. வாஷிங்டன் மாநிலம் இப்போது நூற்றுக்கணக்கான குழாய்களைத் தோண்டி மாற்றிக்கொண்டிருக்கிறது. நான் வேலைக்குப் போகும் வழியில் அதற்காக டிராஃபிக் ஜாம் ஆகும்போது திட்டியிருக்கிறேன், காரணம் தெரியாமல்.

இழந்தது எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க வடமேற்கின் ஆறுகளுக்குச் சால்மன்கள் முன்பு கொண்டுவந்த நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் இப்போது 6 முதல் 7 சதவீதம்தான் வந்து சேர்கிறது என்று 2000-இல் கணித்தார்கள். சில இடங்களில் பண்ணையில் செத்த மீன்களைத் தன்னார்வலர்கள் வண்டியில் கொண்டுபோய் ஓடைகளில் வீசுகிறார்கள். மீனின் வேலையை மனிதர்கள் கையால் செய்கிறார்கள்.

இதுவரைக்கும் அணை கட்டினவர்களைப் பற்றிப் பேசினேன். அது எனக்கு வசதி.

போன வருடம் கார் டயர் மாற்றப் போனேன். கடைக்காரர் ஒரு சின்னக் கருவியை டயரின் வரிப்பள்ளத்துக்குள் விட்டு அளந்து, “புதுசுல பத்து இருக்கும், இப்ப மூணு, மாத்திடுங்க” என்கிற மாதிரி சொன்னார். அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு கணக்கு. மீதி ஏழு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குள் அந்த ஆராய்ச்சியை வாசித்திருந்தேன்.

2000-த்தை ஒட்டிய வருடங்களில் சியாட்டில் நகரத்தின் சில ஓடைகளைச் சுத்தம் செய்து சீரமைத்தார்கள். மேற்கு சியாட்டிலின் லாங்ஃபெலோ ஓடை அதில் ஒன்று. கோஹோக்கள் திரும்பி வந்தன. வந்தவை முட்டையிடாமலே செத்தன. மழை பெய்த சில மணி நேரத்தில் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்து, கவிழ்ந்து, வயிறு நிறைய முட்டையோடு செத்தன. இப்படிச் சில ஓடைகளில் பாதிக்கு மேல், சில வருடங்களில் 90 சதவீதம் வரை. பூச்சிக்கொல்லியா, உலோகமா, நோயா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தார்கள். கடைசியில் டயர் ரப்பரில் வந்து நின்றது. டயர் வெடிக்காமலிருக்க 6பிபிடி என்ற ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். அது காற்றிலிருக்கும் ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் என்ற வேறொன்றாக மாறுகிறது. தேய்ந்த துகளிலிருந்து மழை அதைக் கழுவி ஓடையில் விடுகிறது. ஷென்யு தியான், ஜெனிஃபர் மெக்கின்டயர், எட்வர்ட் கோலோட்ஜி ஆகியோரின் குழு 2020 டிசம்பரில் இதை அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் உலகம் முழுக்க ஒவ்வொரு டயரிலும் இருந்த பொருள். யாரும் மீனைக் கொல்ல நினைத்துச் சேர்க்கவில்லை. டயர் வெடித்து யாரும் சாகக் கூடாது என்றுதான் சேர்த்தார்கள்.

செனகாவின் விதி இங்கேயும் வந்து நிற்கிறது. நினைத்துக் கொடுக்காதது உதவி இல்லை என்றால், நினைத்துச் செய்யாதது தீங்கும் இல்லை. சால்மனுக்கு நான் கடன்படவில்லை, கோஹோவை நான் கொல்லவும் இல்லை. ஒரே விதி இரண்டு பக்கமும் எனக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்கிறது. கோடில் ஒரு டெஸ்ட் எதைக் கொடுத்தாலும் பாஸ் என்று காட்டினால், நாங்கள் கோடைப் பாராட்டுவதில்லை, டெஸ்ட் ஓடுகிறதா என்று பார்ப்போம். எனக்கு இந்த விதிமேல் வந்த சந்தேகம் அப்படிப்பட்டது. நன்மையும் தீமையும் உலகத்தில் நடப்பதில் பெரும்பகுதி சைடு எஃபெக்ட்தான். சால்மனே சத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. கடலில் அதன் கொழுப்பில் சேர்ந்த பிசிபி என்ற நச்சையும் அலாஸ்கா ஏரிகளில் கொண்டுவந்து கொட்டுகிறது என்று 2003-இல் அளந்திருக்கிறார்கள். மனதில் நினைத்ததை மட்டும் கணக்கில் எடுத்தால் ஓடை, காடு, பீடி, டயர் எதுவுமே கணக்கில் வராது.

ஆகவே அம்மாவோடு நடத்திய வாக்குவாதத்தில் நான் பாதி தோற்று பாதியில் நிற்கிறேன். அது கொடுக்கவில்லை, சரி. அவள் கொடுக்கவில்லை, அதுவும் சரி. ஆனால் நான் வாங்கியிருக்கிறேன். வாங்கியது நிஜம், கொடுத்தவர் நினைத்தாரா என்பதைப் பொறுத்து அது மாறுவதில்லை. காட்டைப் பாருங்கள், அதற்கும் மனமில்லை. ஆனால் வாங்கிய நைட்ரஜனில் வளர்ந்த மரம் ஓடைக்கு நிழல் தருகிறது, அதனால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. முதிர்ந்து ஓடைக்குள் விழுந்தால் அதன் பின்னால் குட்டை உண்டாகிறது, குஞ்சுகள் அங்கே ஒதுங்குகின்றன, அடித்துக்கொண்டு போகும் செத்த மீன்கள் அந்தக் கட்டையில் சிக்கித் தங்குகின்றன. நன்றி என்ற உணர்ச்சி இல்லாமலேயே அது நடக்கிறது. எனக்கு உணர்ச்சி நிறைய இருந்தது, ஃபேஸ்புக்கில் எழுதினேன். அந்த வருடம் அம்மாவின் இருமலுக்கு ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப்போகத் தங்கைதான் லீவு போட்டாள்.

டயர் விஷயத்தில் என்ன செய்தேன் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வாரம் பஸ்ஸில் போனேன். பிறகு மழைக்காலம் வந்தது, விட்டுவிட்டேன். அதற்கு முன்பே நல்ல பிள்ளையாக மின்சாரக் கார் வாங்கியிருந்தேன். பேட்டரியின் எடையால் அதில் டயர் இன்னும் வேகமாகத் தேய்கிறது. சாலைத் தண்ணீரை நேராக ஓடையில் விடாமல் மணலும் மட்கிய உரமும் கலந்த படுகை வழியாக வடித்துவிட்டால் கோஹோ பிழைத்துக்கொள்கிறது என்று சோதனையில் காட்டியிருக்கிறார்கள். ஆச்சரியமாக, அவ்வளவு சாதாரணமான தீர்வு. எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத் தண்ணீர் எங்கே போகிறது என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தைத் தேடிப் பார்த்ததில் ஒரு குழாய் வழியாக நேரே ஓடைக்குப் போகிறது. படுகை போட எவ்வளவு ஆகும் என்று விலை வாங்கியிருக்கிறோம். இரண்டு கூட்டத்தில் தள்ளிப்போட்டாயிற்று. மாதச் சந்தா ஏறும் என்பதால் என்மேல் சிலருக்குக் கோபம். அதில் ஒருவர் தமிழர், பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறவர். இந்த முறை வரவில்லை.

போன வாரம் அம்மா போனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று கேட்டாள். “அந்த மீனு இந்த வருசம் வந்துச்சால?”

“இன்னும் இல்லம்மா. சினூக் கொஞ்சம் வந்துருக்கு. கோஹோவுக்கு மழை பெய்யணும், ஓடையில தண்ணி ஏறணும்.”

“பெய்யலியா?”

ஜன்னலைப் பார்த்தேன். இண்டர்ஸ்டேட் 90-இல் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்திருந்தன.

“இப்பதான் ஆரம்பிக்குது” என்றேன்.